தக்க காரணமின்றித் தங்கியிருப்போர்

ஜே.ஆர்.ஜயவர்தன எதையும் முந்தி யோசித்து வைக்கிற மனிதர். தன் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டவர். பொதுத்தேர்தல் வரவேண்டிய காலத்தில், 1982 டிசம்பரில், விளக்கா குடமா என்று ஒரு சர்வசன வாக்கெடுப்பை வைத்து, இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர். அப்படிப்பட்டவர் தன் ஓய்வுக்காலத்தை மட்டும் யோசிக்காமல் விடுவாரா? 1986-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டமாக ஜனாதிபதிகள் உரித்துரிமைகள் சட்டம் வந்தது.

சட்டம் நிறைவேறியபோது நாட்டில் முன்னாள் ஜனாதிபதி என்று உயிரோடு ஒருவரும் இல்லை. அதிகாரமில்லாத முதல் ஜனாதிபதியாக இருந்த வில்லியம் கொபல்லாவ 1981-இலேயே போய்ச்சேர்ந்துவிட்டார். ஆள் பிறக்கமுன்னமே தொட்டில் கட்டியாயிற்று. ஆயுள் உள்ளவரைக்கும் வாடகையில்லாத வீடு. வீடு வேண்டாமென்றால் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதாமாதம். செயலாளர் வைத்துக்கொள்ளப் படி. அமைச்சருக்கு உள்ளதுபோல வாகனமும் மற்ற வசதிகளும். காலமானால் விதவை மனைவிக்கும் தொடரும். இதன் உள்நோக்கத்தைக் கெட்டதென்று சொல்லமாட்டேன். கதிரையை விட்டு இறங்கினால் நடுத்தெருவில் நிற்கவேண்டி வராது என்று தெரிந்தால், ஆட்கள் கதிரையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கமாட்டார்கள் அல்லவா? அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சட்டம் செய்தவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை. 1989 ஜனவரியில் பதவி விட்டபோது அவருக்கு வயது 82. கொழும்பு 7, வாட் பிளேஸில் 'பிறேமார்' என்ற சொந்த வீடு இருந்தது. அங்கேயே 1996 நவம்பரில் கண்ணை மூடும்வரை இருந்தார். இடையில் தன் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாகவும் போட்டார்.

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாட்களில் அந்த வீதியால் போயிருக்கிறேன். மரநிழல், மதில், வாசலில் பொலிஸ். 1983 ஜூலையில் கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகளும் கடைகளும் எரிந்து நாலு நாள் ஆனபிறகு தொலைக்காட்சியில் தோன்றி, எரிந்தவர்களுக்கென்று ஒரு அனுதாப வார்த்தைகூடச் சொல்லாமல் பேசி முடித்த மனிதர் உள்ளேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மா அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். கண்ணில் மருந்து விட்டிருக்கிறது என்பார். போகும்போதும் அதையேதான் சொல்வார், மருந்து விடமுன்னமே.

நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில், செய்தியில் 'முன்னாள் ஜனாதிபதி' என்று எழுதினால் போதும். பெயர் போடத் தேவையில்லை. நாட்டில் ஒருவர்தான் இருந்தார். இன்றைக்கு அப்படி எழுதிக்கொண்டு போனால் செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பி எறிவார்: எந்த முன்னாள்? பாராளுமன்றம் போன முன்னாளா, பிரதமரான முன்னாளா, விமானமேறின முன்னாளா, விளக்கமறியலில் இருந்த முன்னாளா?

இந்த வரிசையில் முன்னாள் உத்தியோகத்தைச் சரியாகப் பார்த்தவர் ஒருவர்தான் என்று நான் சொன்னால் என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். டி.பி.விஜேதுங்க. 1993 மே தினத்தில் ஆர்.பிரேமதாச குண்டுக்குப் பலியானபின் கதிரைக்கு வந்தவர். இந்த நாட்டில் இனப்பிரச்சினை என்று ஒன்று கிடையாது, பயங்கரவாதப் பிரச்சினைதான் உண்டு என்றார். பெரும்பான்மையினர் மரம், சிறுபான்மையினர் அதைச் சுற்றிப் படரும் கொடி என்ற உவமையையும் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனவர் அவரே. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதிய மேசையில் நானும் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன கொடி எண்டு போட? பாவக்கொடியோ, புடலங்கொடியோ?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் 1994-இல் பொதுத்தேர்தலில் தன் கட்சி தோற்றதும், எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம் என்று சொன்னவர்களுக்குக் காது கொடுக்காமல் சந்திரிகாவைப் பிரதமராக்கினார். நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கவும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவைக்குப் போய்விட்டார். பிறகு 2008-இல், 92 வயதில் காலமாகும்வரை நாடு அவரை அனேகமாக மறந்தே போயிற்று. பேராதனைக்குப் போகிற பஸ் கடுகண்ணாவை ஏற்றம் ஏறி பிலிமத்தலாவைக் கடைவீதியைத் தாண்டும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் யாராவது, "எங்கட டீ.பி. மாத்தயாவின் ஊர்" என்று சிங்களத்தில் சொல்வார். அவ்வளவுதான் அவருடைய ஓய்வுக்காலப் பொதுவாழ்க்கை. மரம் கொடி என்று பேசிய மனிதர் பத்து வருஷத்துக்கு மேல் ஒருவரையும் சுற்றிப் படராமல் இருந்துவிட்டுப் போனார். இந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லைதான். என்ன செய்வது, மற்றவர்களைப் பார்த்தபிறகு கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சந்திரிகா வந்த கதை எங்கள் பக்கத்தில் வளையலில் தொடங்கியது. 1994 முடிவில் சமாதானப் பேச்சு தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக் கடைகளில் 'சந்திரிகா வளையல்' விற்றது. சின்னம்மாவின் மகள் கைநிறையப் போட்டுக்கொண்டு எடுத்த படமொன்று எங்கள் அல்பத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு யூலையில் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் குடாநாட்டுச் சனம் மழையில் நனைந்தபடி செம்மணி வெளியைத் தாண்டி நடந்தது. சின்னம்மாவின் மகளும் நடந்தாள். கையில் வளையல் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 யூலை 15-க்குமுன் ஒழிப்பதாகத் திகதி குறித்து வாக்குக் கொடுத்தவர் அவர். அந்தத் திகதிக்குப்பின் பத்து ஆண்டுகள் அதே முறையில் ஆண்டார். 1999 டிசம்பரில் நகரமண்டபத்துக்கு முன்னால் நடந்த குண்டுவெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அந்தத் துணிவை யாரும் குறைத்துச் சொல்லமுடியாது. 2000-இல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு நகலைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் எரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முடிவில், தன் பதவிக்காலம் 2006 வரை உண்டு என்று அவர் கணக்குப் பார்க்க, இல்லை, 2005-உடன் சரி என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. இறங்கமுன் தனக்கு வீடும் காணியும் ஒதுக்கிக்கொள்ள அமைச்சரவை எடுத்த தீர்மானம் செல்லாது என்று 2007-இல் இன்னொரு தீர்ப்பு. வாட்டர்ஸ் எட்ஜ் காணி விவகாரத்தில் 2008-இல் முப்பது இலட்சம் ரூபா தண்டம்.

பிறகு ஒரு பத்தாண்டு கழித்து, 2015-இல், அதே சந்திரிகா தேசிய ஒருமைப்பாட்டுக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகத்தின் தலைவியாக வந்து அமர்ந்தார். தமிழருக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன செய்யவேண்டும் என்று அவர் பேசப்பேச, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் இருபது வருஷமாக ஆசிரியர் தலையங்கத்தில் எழுதிவந்ததைத்தான் அவர் சொன்னார், எங்களைவிட நல்ல ஆங்கிலத்தில். எங்கள் நாட்டு ஜனாதிபதிகளுக்குப் புத்தி ஓய்வூதியத்தோடு சேர்ந்துதான் வருகிறது. ஓய்வு பெறும் வயதை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் நாடு உருப்படும் என்று அப்போது ஒரு பத்தி எழுதினேன். பிரசுரிக்கவில்லை.

இனி லொட்ஜ் கதைக்கு வரவேண்டும்.

யுத்த காலத்துக் கொழும்பில் தமிழன் ஒருவனிடம் இருக்கவேண்டியவை இரண்டு: தேசிய அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. பதிவென்பது ஒரு படிவம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன உறவு, என்ன காரணத்துக்காகத் தங்கியிருக்கிறார்கள் என்று நிரப்பி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருப்பது. எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டினால், கதவைத் திறக்கமுன் கை அங்கேதான் போகும். ஊரிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்கென்று வந்து இரண்டு நாள் தங்கினால், சோறு போடமுன் அவர்களுடைய பெயரைப் படிவத்தில் ஏற்றவேண்டும். 'தங்கும் காரணம்' என்ற கட்டம் மிகச் சிறியது. அதற்குள் 'பித்தப்பைக் கல்' என்பதைச் சிங்களத்தில் எழுதுவிக்க ஒருமுறை நான் பட்ட பாடு பெரிது.

உறவுக்காரர் வீடு இல்லாதவர்களுக்கு லொட்ஜ். வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை எங்கும் லொட்ஜ்கள். கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள், விசாவுக்கு வந்தவர்கள், ஏஜென்சிக்காரன் 'அடுத்த கிழமை நிச்சயம்' என்று சொல்லி மாதக்கணக்காய் உட்காரவைத்த பெடியன்கள். பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, அப்படி ஒரு லொட்ஜின் இரண்டாம் மாடி அறையில் இருந்தான். எங்கள் வீட்டில் படுக்க இடமில்லை. பகலில் சாப்பாட்டுக்கு வருவான்.

2007 யூன் 7, விடியற்காலை. மகிந்த ராஜபக்ச ஜனாதிபதி. பொலிஸ் லொட்ஜ் லொட்ஜாகப் புகுந்து, தக்க காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லி ஆட்களை எழுப்பி பஸ்களில் ஏற்றியது. கணக்கு 376 பேர், அதில் பெண்கள் 85. வடக்கே வவுனியாவுக்கும் கிழக்குக்கும் பஸ்கள் போயின. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச மட்டும் வருத்தப்படவில்லை. முந்நூறு பேரைப் பிடித்து அடைத்துவைக்க முடியாது, சந்தேகம் உள்ளவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிவைப்பதில் என்ன பிழை என்கிற விதமாக அவர் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் நியாயம் சொன்னார்.

தம்பி வவுனியாவிலிருந்து தொலைபேசியில் சொன்னது: "அண்ணை, அரை மணித்தியாலம் தந்தவங்கள். கொடியிலை காய்ஞ்ச களிசானை எடுக்கேலை. பாஸ்போட் மட்டும் எடுத்தனான்."

"கடிதம் கிடிதம் ஏதும் காட்டினவையோ?"

"என்ன கடிதம்? 'நகின்ன' எண்டாங்கள், ஏறினோம்."

அந்தக் களிசானை நான் போய் வாங்கி வந்தேன். லொட்ஜ் முகாமையாளர் மடித்து வைத்திருந்தார். இரண்டு நாள் வாடகை பாக்கி என்று அதையும் வாங்கிக்கொண்டார்.

மகிந்தவின் முன்னாள் வாழ்க்கைதான் இந்த வரிசையில் மிகக் கலகலப்பானது. இரண்டு தடவைதான் ஆளலாம் என்ற வரம்பை 2010-இல் 18-ஆம் திருத்தத்தால் எடுத்தெறிந்தார். பிறகு, பதவிக்காலம் இன்னும் இரண்டு வருஷம் கிடக்க, சோதிடர் நேரம் நல்லது என்றார் என்று தேர்தலை முன்னுக்கு வைத்தார். சுகாதார அமைச்சராயிருந்த மைத்திரிபால சிறிசேன இரவு அவரோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு விடிந்ததும் எதிரணிப் பொதுவேட்பாளரானார். பின்னால் நின்று கயிறு இழுத்தவர்களில் முக்கியமானவர் முன்னாள் சந்திரிகா. 2015 ஜனவரி 9 விடியலில் மகிந்த அலரி மாளிகையை விட்டுத் தெற்கே சொந்த ஊருக்குப் போனார். அங்கே ஆதரவாளர் கூட்டம் முற்றத்தில் நிரம்பிவழிய, வீட்டு ஜன்னலில் ஏறி நின்று கம்பியைப் பிடித்தபடி பேசிய அந்தப் படம் இலங்கையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

எங்கள் அலுவலகத்தில் அன்றைக்குப் பால்சோறு. இனி விஜேதுங்க மாதிரி ஊரில் இருப்பார் என்று ஒரு மூத்தவர் சொன்னார். அடுத்த மாதமே நுகேகொடையில் அவரை மீட்டுவரக் கூட்டம். ஓகஸ்ட்டில் குருணாகலில் நின்று சாதாரண பாராளுமன்ற உறுப்பினர். வீடும் வாகனமும் பாதுகாப்பும் முன்னாள் ஜனாதிபதிக்கு உரியவை, பேச்சு எதிர்க்கட்சிக்காரருக்கு உரியது. ஜே.ஆரின் சட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. ஓய்வெடுக்கக் கொடுத்த வீடு கட்சிக் காரியாலயமாயிற்று. 2018 ஒக்டோபர் 26 இரவு, தன்னோடு அப்பம் சாப்பிட்டுவிட்டுப் போன அதே மைத்திரிபாலவின் கையால் பிரதமராகப் பதவிப் பிரமாணம். பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு டிசம்பரில் அது முடிந்தது. ஒரு வருஷத்தில் தம்பி கோட்டாபய ஜனாதிபதி, அண்ணன் மறுபடி பிரதமர். 2020 பாராளுமன்றத்தில் குருணாகலில் ஒரு முன்னாள், பொலனறுவையில் இன்னொரு முன்னாள். உலகத்தில் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டே இவ்வளவு வேலை செய்தவர்கள் வேறெங்கும் இருப்பார்களா தெரியாது.

பொலனறுவை முன்னாளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்; அவரைச் சுருக்குவதும் எளிது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காகத் தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தன்னிடம் அவ்வளவு காசில்லை என்றார். ஒரு கலைஞர் அவருக்காக என்று கொழும்பில் உண்டியல் குலுக்கினார். அது கிண்டலா கருணையா என்று நின்று பார்த்தவர்களுக்கே விளங்கவில்லை. தவணை முறையில் 2024-இல் கட்டி முடித்தார். பெஜட் வீதியில் அவர் ஜனாதிபதியாயிருந்த வீட்டையே முன்னாளான பின்னும் வைத்திருக்க, தான் தலைமை தாங்கிய அமைச்சரவையே தீர்மானம் எடுத்திருந்தது. அதுவும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

கோட்டாபயவின் கதை வேறு. 2022 யூலை 9 சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. நீச்சல் தடாகத்தில் குளித்தது, கட்டிலில் உருண்டது, உள்ளே கிடந்த 1 கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவை எண்ணிப் பொலிஸில் ஒப்படைத்தது. 13-ஆம் திகதி விடியமுன் விமானப்படை அன்ரனோவ் ஒன்றில் மனைவியோடும் இரண்டு மெய்க்காப்பாளரோடும் மாலைதீவு. அடுத்த நாள் சிங்கப்பூர். இராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார். ஜே.ஆர். இருந்திருந்தால் திகதி போடாமல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்.

சிங்கப்பூர் 14 நாள் அனுமதி கொடுத்தது. பிறகு இன்னொரு 14 நாள் நீட்டியது. அதுவும் முடிய தாய்லாந்து. அங்கே அரசியல் ஒன்றும் பேசக்கூடாது, விடுதியை விட்டு வெளியே போகாமல் இருப்பது நல்லது என்று பொலிஸ் சொல்லிற்று. நாட்டுக்கு நாடு விசா நாள் எண்ணிக்கொண்டு, விடுதி அறையில், தங்கும் காரணத்தைச் சொல்ல வழியில்லாமல். அந்த வாரங்களில் ஒரு நாள் தம்பி ஸ்காபரோவிலிருந்து எடுத்தான். ஆம், கடைசியில் ஏஜென்சிக்காரன் சொன்ன 'அடுத்த கிழமை' 2009-இல் வந்துவிட்டது. "அண்ணை, ஆளுக்கு நல்ல ஏஜென்சி தெரியுமெண்டால் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டு தெரியும்" என்றான். செப்டெம்பர் 2-ஆம் திகதி இரவு அவர் கட்டுநாயக்கவில் வந்திறங்க, ஆளுங்கட்சி அரசியல்வாதிகள் பூக்கொத்தோடு நின்றார்கள். கொழும்பு 7-இல் வீடு, பாதுகாப்பு. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஓடிப்போனவர், நடந்துபோனவர் என்று பேதம் பார்க்கவில்லை. 2024 மார்ச்சில் அவரும் ஒரு புத்தகம் போட்டார், தன்னை விரட்டியது சதி என்று.

பிறகு ரணில். ஜே.ஆரின் மருமகன். 2022 யூலை 9 அன்று அவருடைய சொந்த வீடும் எரிந்தது; பன்னிரண்டு நாளில் ஜனாதிபதியானார். 2024-இல் தோற்று முன்னாளானார். 2025 ஓகஸ்ட் 22 குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வாக்குமூலம் எடுக்க அழைத்துக் கைது செய்தது. மனைவிக்குப் பல்கலைக்கழகமொன்று செய்த கௌரவிப்புக்காக 2023-இல் லண்டன் போனதற்கு அரசாங்கப் பணம் 1 கோடியே 66 இலட்சம் ரூபா செலவானது என்பது குற்றச்சாட்டு; அவர் மறுக்கிறார், வழக்கு நீதிமன்றத்தில். கைதான முதல் முன்னாள் ஜனாதிபதி அவரே. விளக்கமறியல், சிறை ஆஸ்பத்திரி, தேசிய வைத்தியசாலை அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, நாலாம் நாள் பிணை. முப்பது வருஷமாக ஒருவரையொருவர் கவிழ்த்தே பிழைத்தவர்கள் அந்த நாலு நாளும் வாசலில் வந்து நின்றார்கள். மகிந்தவும் போய்ப் பார்த்தார். சங்கம் அமைத்துப் பழக்கமில்லாத தொழிலில் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொழிற்சங்க உணர்வைக் கண்டேன்.

அதற்குள் புதிய அரசாங்கம் கணக்குப் புத்தகத்தைத் திறந்திருந்தது. 2024 கடைசியில் முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்குப் பாதுகாப்பு 60 பேர் போதும் என்றது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, மகிந்த இருக்கும் விஜேராம மாவத்தை வீட்டின் மாத வாடகைப் பெறுமதி 46 இலட்சம் ரூபா என்று மேடையில் சொன்னார். வாடகையைக் கட்டட்டும், இல்லையேல் போகட்டும். மகிந்த தரப்பின் பதிலை வாசித்தபோது வாயில் இருந்த தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது. எழுத்தில் அறிவித்தால் போய்விடுவாராம்.

எழுத்தில்!

ஜே.ஆரின் சட்டத்தை நீக்கும் சட்டமூலம் செப்டெம்பர் 10-ஆம் திகதி நிறைவேறியது. ஆதரவு 151, எதிர்ப்பு 1. வீடு, படி, செயலாளர், வாகனம் எல்லாம் போயின. அரசியலமைப்பிலேயே சொல்லியிருப்பதால் ஓய்வூதியம் மட்டும் தப்பிற்று. ஜே.ஆர். கட்டிய கட்டடத்தை இடிக்க ஒரே ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. ஆனால் அவர் கட்டிய இன்னொன்று, அந்த நிறைவேற்றுக் கதிரை, அசையாமல் இருக்கிறது. சந்திரிகா ஒழிப்பதாகச் சொன்னது, மகிந்த சொன்னது, மைத்திரி சொன்னது. இப்போதிருப்பவரும் சொல்லியிருக்கிறார். முன்னாள்களின் சலுகையை ஒழிப்பது, இந்நாளின் அதிகாரத்தை ஒழிப்பதைவிடச் சுகமான வேலை என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும்.

மறுநாள் மகிந்த தங்காலை கார்ல்டன் வீட்டுக்குப் புறப்பட்டதை வீட்டில் யூடியூப்பில் பார்த்தோம். விஜேராம மாவத்தை நிறையச் சனம், பிக்குமார், கமரா. சில பெண்கள் அழுதார்கள். அவர் எல்லாருக்கும் கைகூப்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வயதாகவில்லை. என் மனைவி, "பாவம், வயசான மனிசன்" என்றாள். இவள்தான் 2007-இல் தம்பிக்குச் சமைத்த மத்தியானச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தமிழ்ப் பெண்களின் இரக்கத்துக்கும் ஒரு வரம்பு வைத்து அரசியலமைப்பைத் திருத்தவேண்டும்.

அன்றிரவே ஸ்காபரோவிலிருந்து அழைப்பு.

"அண்ணை, பாத்தனியளோ? எத்தினை பஸ்?"

"பஸ் இல்லையடா. வாகனத் தொடரணி."

"எவ்வளவு நேரம் குடுத்தவை?"

"ஜனவரியிலையிருந்து சொல்லிக்கொண்டிருக்கினம். எட்டு மாசம்."

"கடிதம்?"

"சட்டமே குடுத்தவை. சபாநாயகர் கையெழுத்தோடை."

"எங்கை கொண்டுபோய் விட்டவை?"

"தங்காலை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அது அவற்றை ஊர்தானே அண்ணை. சொந்த ஊருக்கு அனுப்பிறதிலை என்ன பிழை?"